ஆறு வயது மகள் அப்பத்தா மாதிரி சேலை கேட்கிறாள், கட்டிவிடலாமா?

உங்கள் கேள்வி இதுதான். வரும் தை மாதம் உங்கள் தம்பிக்குக் கல்யாணம். ஆறு வயது மகள், "பாவாடை சட்டை சின்னப் பிள்ளைங்க போடுறது, எனக்கு அப்பத்தா மாதிரி சேலைதான் வேணும்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். வயதுக்கு வரும் முன்னால் தாவணியும் சேலையும் ஆகாது என்று உங்கள் மாமியார் சொல்லிவிட்டார். கடையில் தொங்குகிற குழந்தைகள் ரெடிமேட் சேலையை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "இவ்வளவு சீக்கிரம் பெரியவளாக ஆசைப்படுவதைப் பார்த்தால் மனசுக்கு என்னமோ போல் இருக்கிறது" என்று, உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. துணியைப் பற்றியும் சொல்கிறேன், அதைப் பற்றியும் சொல்கிறேன்.

நான் கும்பகோணம் பக்கத்தில் 31 வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். பெண் பிள்ளைகளின் பட்டுப்பாவாடை சட்டைதான் என் கடையின் முக்கிய வேலை. பட்டு நெய்கிற திருபுவனம் கூப்பிடு தூரம் என்பதால் முகூர்த்த மாதங்களில் பட்டுத் துணி மேசையில் மலையாகக் குவியும். பிள்ளைகளின் மனசைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. அளவெடுக்க நிற்கிற ஐந்து நிமிடத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு. அதனால் துணி, அளவு, பாதுகாப்பு பற்றிச் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் மனசையும் வீட்டு வழக்கத்தையும் பற்றிச் சொல்வதை ஒரு வயதான பொம்பளையின் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த உறுத்தலுக்கு வருகிறேன். சேலை கேட்டு வருகிற சின்னப் பிள்ளைகளிடம் நான் வழக்கமாக ஒன்று கேட்பேன். "சேலை கட்டிக்கிட்டு என்ன பண்ணுவ?" இதற்கு வருகிற பதிலை வைத்துத்தான் என்ன தைப்பது என்று முடிவு செய்வேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குட்டி வந்தாள், ஆறோ ஏழோ வயது. கேள்வி கேட்டதும் வாயால் பதில் சொல்லவில்லை. மேசை மேல் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து இடது தோளில் போட்டுக்கொண்டாள். நுனியை முன்னால் இழுத்து வலது இடுப்பில் செருகினாள். அப்புறம் வாசற்படிவரை நடந்து போய், இல்லாத கொசுவத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துப் படி தாண்டினாள். திரும்பி வந்து துண்டு நுனியால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "இதுல காசு முடிஞ்சு வெச்சுக்குவேன், பெரட்டாசி சனிக்கிழமைக்கு உண்டியல்ல போட" என்றாள். கூட வந்த பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனையும் அந்தப் பாட்டியின் அசைவு. படி தாண்டும்போது தலையைக் கொஞ்சம் குனிவது உட்பட.

31 வருடத்தில் இந்தக் கேள்விக்கு எனக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை இப்படித்தான். முந்தானையில் கை துடைப்பேன், சாவிக்கொத்தை இடுப்பில் சொருகுவேன், தம்பிப் பாப்பாவை முந்தானையால் போர்த்துவேன், பந்தியில் எல்லாருக்கும் அப்பளம் வைப்பேன். பிள்ளைகள் கேட்கிற பெரியதனம் இதுதான். அவள் நேசிக்கிற ஒருத்தி என்னவெல்லாம் செய்கிறாளோ அதையெல்லாம் தானும் செய்யவேண்டும், அதற்கு அந்தச் சேலை வேண்டும். இதில் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஏதோ ஒரு வீடியோவில் வந்த நடனத்துக்காகவோ, வேறொரு பிள்ளையின் போட்டோவைப் பார்த்தோ கேட்கிற பிள்ளைகளும் உண்டு. அப்போதும் ஆசை தப்பில்லை, ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் "அப்பத்தா மாதிரி" என்று சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்கிற அப்பத்தாவைப் போலத்தான் அவள் ஆகப் பார்க்கிறாள். இது உங்கள் மாமியாருக்குத் தெரியுமா? கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். இதற்குத் திரும்ப வருகிறேன்.

இப்போது துணிக்கு வருவோம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பெரியவர்கள் சேலையை அப்படியே ஆறு வயதுப் பிள்ளைக்குக் கட்டாதீர்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம், 45 முதல் 48 அங்குலம் அகலம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 24 முதல் 27 அங்குலம்தான் வரும். மிச்சம் 20 அங்குலத்தை வயிற்றில் சுருட்டிச் செருக வேண்டியிருக்கும். அதோடு, அந்த வயதில் இடுப்பு என்று ஒன்றே கிடையாது. வயிறு முன்னால் கொஞ்சம் தள்ளியிருக்கும், மேலிருந்து கீழே ஒரே உருளை. சேலை நிற்பதற்கு அங்கே பிடிமானம் இல்லை. அதனால் நழுவும், நழுவுகிறதே என்று நாம் உள்பாவாடை நாடாவை இழுத்துக் கட்டுவோம், சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் வயிற்றைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும்.

இதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று முழுச் சேலையை மடித்து மடித்துத் தைத்து, ஹூக் மேல் ஹூக் வைத்துக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அந்தப் பிள்ளை காலை ஆறு மணியிலிருந்து மதியம் பந்தி முடிகிறவரை பாத்ரூம் போகவே இல்லை. யாராவது அவிழ்த்துவிட்டால் திரும்பக் கட்டிவிட மாட்டார்களோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். மண்டபத்திலேயே அடிவயிறு வலித்து அழுததை அவள் அம்மா பிறகு வந்து சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். பிள்ளை தானே தூக்கி, தானே இறக்கிக்கொள்ள முடியாத எதையும் தைத்துக் கொடுப்பதில்லை.

நான் தைக்கிற முறையைச் சொல்கிறேன், உங்கள் டெய்லரிடம் காட்டுங்கள். பாரம் முழுக்கத் தோளில் தொங்க வேண்டும், இடுப்பில் நிற்கக் கூடாது. அதற்காக மெல்லிய மல் துணியில் கையில்லாத பாடி ஒன்று தைத்து, பாவாடையை அதிலேயே இணைத்துவிட வேண்டும். அந்தக் காலத்துப் பாடி பாவாடை நினைவிருக்கும், அதே வேலை. பாவாடையின் முன்பக்கம் நாலு அல்லது ஐந்து கொசுவம் வைத்து மேலே ஆறு அங்குலத்துக்கு அழுத்தித் தைத்துவிட வேண்டும், கீழே அவை விரிந்து ஆடலாம். முந்தானையைத் தனியாகத் தைத்து, இடது தோளில் இரண்டு டிச் பட்டன் வைக்க வேண்டும். ஊக்கு குத்தாதீர்கள், பிள்ளைகள் உட்கார்ந்து எழும்போது திறந்துகொள்ளும். எங்கேயாவது மாட்டி இழுத்தால் பட்டன் படக்கென்று பிய்த்துக்கொண்டு வந்துவிடும், பிள்ளை விழாது. முந்தானை பின்னால் முழங்காலோடு நிற்கட்டும். கீழ்விளிம்பு கணுக்கால் எலும்புக்கு மேலேயே இருக்கட்டும். கடைக்காரர்கள் நீளமாக இருந்தால்தான் சேலை மாதிரி இருக்கும் என்பார்கள், கேட்காதீர்கள். இப்படித் தைக்க இரண்டே முக்கால் மீட்டர் போதும். தைக்காமல் உண்மையாகவே சுற்றிக் கட்டவேண்டும் என்றால்கூட மூன்றே கால் மீட்டருக்கு மேல் தேவைப்படாது.

கடை ரெடிமேட் வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒன்று, உள்பக்கம். சரிகை வெளியே மினுங்கும், உள்ளே ரம்பம் மாதிரி அறுக்கும். கையை உள்ளே விட்டு, புறங்கையால் தடவிப் பாருங்கள். லைனிங் இல்லாவிட்டால் வீட்டில் மல் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். இன்னொன்று, துணி எது என்பது. மலிவாகப் பட்டு மாதிரி மினுங்குவதில் பெரும்பாலானவை பாலியஸ்டர். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பட்டு மெதுவாகக் கருகும், முடி பொசுங்கிய வாசனை வரும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்து சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். அந்த உருகல் உடம்பில் ஒட்டினால் தோலோடுதான் வரும். பருத்தி உருகாது, ஆனால் சட்டென்று பற்றிக்கொள்ளும். கல்யாண வீட்டில் குத்துவிளக்கு தரையில் நிற்கும், ஓமம் தரையில் எரியும், ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரியும். எல்லாமே ஒரு பிள்ளையின் முந்தானை உயரத்தில். அதனால் என்ன துணியாக இருந்தாலும், தொங்குகிற நுனியை இடுப்பில் செருகிவிடுங்கள். அப்பத்தாவும் அப்படித்தான் செருகியிருப்பார், சொன்னால் ஆசையாகச் செய்வாள்.

மண்டபத்துக்கு பைக்கில் போவதாக இருந்தால் முந்தானையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய், இறங்கியபின் மாட்டுங்கள். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மறைகிற தடுப்பு இருக்கவேண்டும் என்று 1989 ஆம் வருடத்து மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. நாம் சாரி கார்டு என்று சொல்வது அதைத்தான். பலர் அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்த பிள்ளையின் முந்தானைக்கு அது இருந்தும் பிரயோசனம் இல்லை.

ஜாக்கெட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவள். பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சின்ன அளவில் தைத்துத் தரச் சொல்லி வருவார்கள், டாட் பிடித்து (மார்பு வளைவுக்காக வைக்கிற தையல் மடிப்பு அது), முதுகை இறக்கி, பின்னால் கயிறு கட்டி. ஆறு வயதுப் பிள்ளைக்கு டாட் எதற்கு? நான் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். மார்பில் இரண்டு அங்குலம் தளர்வாக, கழுத்து மூடி, வயிறு தெரியாத நீளத்தில் சட்டை மாதிரி தைத்து, கைக்கு மட்டும் சேலையின் கரையை வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். சேலை கட்டினாலும் அவள் குழந்தை என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகத்துக்குப் பூசுவதும் உதட்டுக்குத் தீட்டுவதும்கூட அதே கணக்குத்தான் எனக்கு.

வழக்கம் பற்றி. இது வீட்டுக்கு வீடு மாறுகிறது, இதில் அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல வீடுகளில் முதல் தாவணியோ சேலையோ மஞ்சள் நீராட்டு அன்று தாய்மாமன் சீராக வரவேண்டும். அதற்கு முன்னால் கட்டிவிட்டால் அந்த நாளுக்கு என்ன மதிப்பு என்று பெரியவர்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. தெலுங்கு பேசுகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள், பையனுக்குப் பஞ்ச (வேட்டி) கட்டுவதையும் பெண்ணுக்கு ஓணி (தாவணி) போடுவதையும் தனி விசேஷமாகவே செய்கிறார்கள், அதற்கென்று வயது பார்க்கிறார்கள். நவராத்திரிக்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு மடிசார் கட்டிக் கொலு வீடு வீடாகக் கூட்டிப்போகிறவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். சிற்றாடை என்று தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறதே, சிறுமிகள் உடுத்துகிற சின்னச் சேலைக்குப் பெயர் அது. சின்னப் பெண்ணுக்குச் சேலையே கட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் பொதுவான விதியாக இருந்திருந்தால் அப்படி ஒரு சொல்லே பிறந்திருக்காது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு போய் மாமியாரிடம் வாதாடாதீர்கள். அவர் காப்பாற்ற நினைப்பது தாய்மாமன் கையால் வரப்போகிற அந்த முதல் சேலையை. கல்யாண மாப்பிள்ளையே அவளுக்குத் தாய்மாமன் வேறு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாமியாரிடம் போய், "அத்தை, அவளுக்குச் சேலை மேல ஆசை இல்ல, உங்க மேல ஆசை. உங்களை மாதிரி நடக்கணும்னுதான் கேக்குறா" என்று சொல்லி, அவர் கட்டிப் பழசான சேலை ஒன்றைக் கேட்பேன். புதுத் துணி இல்லை, கடைச் சேலை இல்லை, சீர் இல்லை. அப்பத்தா கட்டிய சேலையில் தைத்த சிற்றாடை. முதல் சேலையின் மரியாதை அப்படியே நிற்கும். பட்டில் கத்திரி வைக்க மனசு வராது என்றால் சுங்குடியோ வேறு பருத்தியோ கொடுக்கட்டும். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன பழைய பருத்திச் சேலைக்கு ஈடாகப் பிள்ளை உடம்புக்கு எந்தப் புதுத் துணியும் வராது. தைக்கும் முன் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்காருகிற இடத்தில் இழை விட்டிருக்கும், அதைத் தள்ளிவிட்டு முந்தானைப் பக்கத்திலிருந்து வெட்டச் சொல்லுங்கள். ஒரு கரை பாவாடையின் கீழே வரும், மறுகரை கைக்கும் கழுத்துக்கும் வரும். உள்ளே இரண்டு டக் பிடித்துவைத்தால் அடுத்த இரண்டு வருடமும் பிரித்துவிட்டுப் போடலாம்.

எந்தச் சேலையைக் கொடுப்பது என்று அவரே பீரோவைத் திறந்து தேடட்டும், பேத்தியும் பக்கத்தில் இருக்கட்டும். நான் பார்த்தவரை, "கூடாது" என்று ஆரம்பித்த பாட்டிகள்தான் கடைசியில் என் கடை வாசலில் நின்று, கொசுவத்தை இன்னும் கொஞ்சம் ஒழுங்காக வை என்று என்னை விரட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். பாவாடை சட்டையே தையுங்கள், முந்தானை மட்டும் ஒரு துண்டாக, வீட்டுக்குள் விளையாட.

இன்னொன்று, துணியைவிட முக்கியமானது. சேலை கட்டிய சின்னப் பிள்ளையைப் பார்த்ததும் நம் சொந்தக்காரர்களுக்கு ஒரு பேச்சு வரும். "மாப்பிள்ளை பாத்துரலாமா?", "யாரைக் கட்டிக்கப் போற?", "கல்யாணப் பொண்ணு நீயா அவளா?" யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் என் கடையிலேயே, கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்ற பிள்ளை அந்த ஒரு வார்த்தையில் கூனிக்குறுகி, கழற்று கழற்று என்று அழுததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவள் அப்பத்தாவாக நின்றுகொண்டிருந்தாள், நாம் மணப்பெண்ணாக்கிவிட்டோம். நெருங்கியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மண்டபத்தில் அவளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். வரவேற்பு மேசையில் கற்கண்டுத் தட்டு நீட்டுவது, பெரியவர்களுக்கு விசிறி எடுத்துக் கொடுப்பது, தாம்பூலப் பையில் தேங்காய் போடுவது. கையில் வேலை இருக்கிற பிள்ளையை யாரும் கேலி செய்ய மாட்டார்கள், அவள் கேட்டதும் அதைத்தானே.

உங்கள் அண்ணன் மகனும் வேட்டி கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், அது சுலபம். நாலு முழ வேட்டியை அவன் உயரத்துக்கு வெட்டி, கரை கீழே வரும்படி மடித்து, இடுப்பில் எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் வைத்துத் தையுங்கள். உள்ளே ஒரு டவுசர் போட்டுவிடுங்கள். அவிழ்ந்துவிடுமோ என்ற பயம் போனால் அவன் பாட்டுக்கு ஓடுவான்.

கடைசியாக ஒத்திகை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சாயங்காலம் முழுக்கக் கட்டிவிட்டு வீட்டில் விடுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்காரட்டும், சாப்பிடட்டும், மாடிப்படி ஏறி இறங்கட்டும், தானே பாத்ரூம் போய் வரட்டும். எங்கே இடறுகிறது, எங்கே அரிக்கிறது என்று அவளே சொல்வாள், டெய்லரிடம் திருத்த நாள் இருக்கும். கல்யாணத்தன்று ஒரு மணி நேரத்தில் போதும் என்று கழற்றினாலும் கழற்றுவாள், அதற்காகத் திட்டாதீர்கள். பழைய பருத்திப் பாவாடை சட்டை ஒன்றைப் பையில் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் காலையில் கிளம்பும்போது அது அவள் கண்ணில் படாமல் அடியில் வையுங்கள்.